படகுக்காரன் அழைப்பு

மீட்டரில் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை; அது ஏறி இறங்கிய விதம்தான் ஷஹாத்தாவுக்குப் பிடிக்கவில்லை.

அழுக்குப் பிடித்த ஃபைபர் முனை என்றால் எண் கண்டபடி துள்ளும். அறுந்த ஃபைபர் என்றால் எண்ணே இருக்காது. எங்காவது நசுங்கியிருந்தால் எண் கீழே போய் அங்கேயே கிடக்கும். இந்த மூன்று நோயும் அவனுக்குத் தெரியும், மூன்றுக்கும் தோள்பையில் மருந்து வைத்திருந்தான். இதுவோ மெல்ல ஏறியது, உச்சியில் ஒரு கணம் தங்கியது, மெல்ல இறங்கியது, அடியில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியது, பிறகு மறுபடி ஏறியது. படிக்கட்டுக்கு அடியில், பூனை நாற்றம் அடிக்கவேண்டிய, ஆனால் எந்த நாற்றமும் இல்லாத அந்த இருட்டு மூலையில், சுவரில் அடித்திருந்த கேபிள் டிவி நோடு பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன், சற்று நேரத்தில் தன் மார்பும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கண்டான். வேண்டுமென்றே இருமினான். அவன் மூச்சு கலைந்தது. எண் கலையவில்லை. அயர்ந்து தூங்குகிறவனின் மூச்சைப் போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. முதலாளி அஷ்ரி.

"டேய் ஷஹாத்தா, தெரு முழுக்க என் பொண்டாட்டியா மாறிடுச்சுடா. ஆளாளுக்குக் கத்துறாங்க."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மஅல்லிம்."

"நீ பாக்கறது இருக்கட்டும், அவங்க பாக்கணுமில்ல? பாங்கு சொன்ன கையோட சீரியல். இப்படிப் புள்ளி புள்ளியா அடிச்சா கதாநாயகிக்கு அம்மை போட்டிருக்குன்னு நெனைப்பாங்க. நாளைக்குக் காலைல பக்கத்துத் தெருக்காரன் ஏணியோட வந்து நிப்பான்."

"பாங்குக்கு முன்னாடி சரி பண்ணிடறேன்."

"பண்ணிட்டு வீட்டுக்குப் போ. பண்ணாமப் போகாத. அவ்வளவுதான் பேரம்."

அஷ்ரியின் தாத்தா, கால்வாயில் நிற்கும் கப்பல்களை ஒட்டிப் படகை விட்டு, மாலுமிகளுக்குத் தோல் ஒட்டகமும் போலிக் கைக்கடிகாரமும் விற்றவர். பேரன் படகை விற்றுவிட்டு மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனா நட்டான். வியாபாரம் மாறவில்லை, இவன் வானத்தில் போகிற கப்பல்களை மடக்குகிறான் என்று போர்ட் சயீதில் சொல்லிச் சிரிப்பார்கள். மடக்கியதை ஒளியாக்கி, தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழையில் அனுப்புவான். அது மாடி மாடியாகத் தாண்டி வந்து, மரத்தாழ்வாரங்கள் வைத்த இந்தப் பழைய கட்டடத்தின் உச்சியை அடைந்து, கட்டடத்தின் நடுவே வெளிச்சம் இறங்குவதற்காக விட்டிருந்த கிணறு போன்ற வெற்றிடத்தில் தொங்கி இறங்கி, இந்தப் பெட்டியில் சேரும். பெட்டி அதை மறுபடி மின்சாரமாக்கி வீடு வீடாகப் பங்கு போடும்.

காலையில் அஷ்ரியின் மாடியில் அளந்தபோது ஒளி முழுசாகப் புறப்பட்டது. இங்கே பாதிதான் வந்து சேர்ந்தது. மூன்று டெசிபல் இறங்கினால் ஒளி பாதி என்பது அந்தத் தொழிலில் பால பாடம். ஒரு இழையை இரண்டாகப் பிரிக்கும் கப்ளரை நடுவில் செருகினால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் குறையும். ஆக, நோன்பு மாதம் பிறந்ததிலிருந்து எவனோ நடுவில் உட்கார்ந்து பாதியைக் குடித்துக்கொண்டிருந்தான். அஷ்ரி பெட்டியை மாற்றினான், பெட்டிக்குள் இருந்த பலகையை மாற்றினான், ஷஹாத்தாவை மாற்றப்போவதாகவும் இரண்டு முறை சொல்லிவிட்டான்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. இந்த முறை வீடு.

"வாப்பா, நான் இன்னும் தண்ணிகூடக் குடிக்கல."

மகள் பஸ்மலா. ஏழு வயது, இன்றுதான் முதல் முழு நோன்பு. குரல் காய்ந்திருந்தாலும் அதில் பெருமை வழிந்தது.

"என் சிங்கமே. வாத்து என்ன சொல்லுது?"

"அடுப்புல இருக்கு. முழு காலு எனக்குத்தான்னு உம்மா சொல்லியிருக்காங்க. வாப்பா, நீங்க வந்தாதான் நான் வாயத் தொறப்பேன். பாங்கு சொன்னாலும் தொறக்க மாட்டேன்."

"பாங்கு சொன்னா தொறந்துடணும் கண்ணு."

"மாட்டேன். சத்தியம் பண்ணிட்டேன். வரும்போது சிவப்புப் பேனா கொண்டு வாங்க."

சிவப்புப் பேனா என்பது ஃபைபரில் எங்கே கோளாறு என்று தேடுகிற சின்ன லேசர் விளக்கு. இழையின் ஒரு முனையில் அதைச் செருகினால், இழை எந்த இடத்தில் அளவுக்கு மீறி வளைந்திருக்கிறதோ அங்கே உறையைத் தாண்டிச் சிவப்பு கசியும். மின்சாரம் போகும் இரவுகளில் பஸ்மலா அதன் முனையில் மூடியை மாட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு உதட்டை மூடுவாள். இரண்டு கன்னமும் ரமலான் விளக்கு மாதிரி சிவந்து ஒளிரும். அவன் மனைவி ரிஹாம் வேண்டாம் என்று கத்துவாள், கத்திக்கொண்டே சிரிப்பாள்.

மகளின் பிடிவாதம் அவனுக்குத் தெரியும். சொன்னால் சொன்னதுதான், அவன் போகிறவரை ஒரு மிடறு தண்ணீர்கூட உள்ளே போகாது. வீடு இரண்டே தெரு தள்ளி, அஷ்ரியின் இதே கம்பியின் மறுகிளையில். வேலை முடிந்தால் ஓடிவிடலாம். மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினான்.

மேலே கம்சீன் காற்று பாலைவனத்தையே தூக்கிக்கொண்டு வந்திருந்தது. வானம் துரு நிறம். சூரியன் பழைய பித்தளைத் தட்டு மாதிரி எங்கோ தொங்கியது. ஆனாலும் ஊர் உயிரோடு இருந்தது: பூண்டும் கொத்தமல்லியும் நெய்யில் பொரியும் வாசனை, வறுத்த மீன் வாசனை, ஆயிரம் சமையலறைகளில் பாத்திரங்கள் மோதும் சத்தம், நோன்பின் கடைசி நேரக் கோபத்தில் கார்கள் அலறும் சத்தம். மாடி விளிம்பில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்து, முனையைத் துடைத்து, மீட்டரைச் செருகினான். எண் முழுசாக இருந்தது. பாறை மாதிரி அசையாமல் நின்றது.

அப்படியானால் கோளாறு இந்தக் கட்டடத்துக்குள்தான். உச்சிக்கும் அடிக்கும் நடுவில்.

இறங்கும்போது முதலில் காணாமல் போனது வாசனை. ஒரு மாடி இறங்கியதும் பூண்டு மங்கியது, அடுத்த மாடியில் இருந்ததா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஆனது. கார்களின் அலறல் யாரோ தலையணையை அமுக்கியது போல ஒடுங்கியது. டார்ச்சை ஏற்றினான், நேற்று வாங்கிய பேட்டரி, ஆனால் வெளிச்சம் பழுத்த மஞ்சளாக இரண்டு படிக்கு மேல் போகவில்லை. பட்டினியில் கண் மங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செருப்புச் சத்தமும் பாதியாகத்தான் கேட்டது. காதுக்கும் நோன்பா?

கீழே வந்து, பெட்டியிலிருந்து இழையைப் பிடுங்கி, சிவப்புப் பேனாவைச் செருகிவிட்டு, வெளிச்சக் கிணற்றின் அடியில் போய் அண்ணாந்து பார்த்தான். மெல்லிய மஞ்சள் கேபிள் சுவரோரமாக மேலே மேலே போய் இருட்டில் கரைந்தது. அந்த இருட்டில், மூன்றாவது மாடியின் சமையலறை ஜன்னலில், ஒரு சிவப்பு. கேபிள் நேராக இறங்கவில்லை. அந்த ஜன்னலுக்குள் நுழைந்து, மறுபடி வெளியே வந்து, பிறகுதான் கீழே இறங்கியது. யாரோ உள்ளே இழுத்து வைத்திருந்தார்கள்.

ஷஹாத்தாவுக்கு உயிர் வந்தது. திருடன்! திருடன் என்றால் மனிதன். மனிதன் என்றால் பேரம் பேசலாம்.

வாசலில் காவல்காரர் இத்ரீஸ், பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு காகிதப் பொட்டலத்தில் பேரீச்சம்பழங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அஸ்வான் பக்கத்துக்காரர், இவருக்கு முன்னால் இவருடைய வாப்பாவும் இதே வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது மாடில யாரு சாச்சா இருக்கா?"

"யாருமில்ல."

"யாருமில்லாத வீட்டுக்குள்ள கேபிள் போயிட்டு வருதே."

இத்ரீஸ் பழத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "நான் சின்னப் பையன். சண்டை வந்தப்ப ஊரையே காலி பண்ணச் சொன்னாங்க. வாசல்ல லாரி வந்து நின்னுச்சு. நோன்பு மாசம், பாங்கு நேரம். சாப்பாட்டுத் தட்ட அப்படியே வெச்சுட்டு ஏறிப் போனாங்க. திரும்பி வரல."

"எல்லாரும் போயிட்டாங்கல்ல?"

"லாரில ஏறுனவங்கள யாரு எண்ணுனா?"

"சாவி குடுங்க, நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"பூட்டே இல்ல. பூட்டணும்னு யாருக்கும் தோணல." கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "பாங்குக்கு நேரமாச்சு. எங்கூட வா. எதிர்ல பள்ளிவாசல் பந்தில உக்காந்து நோன்பு தொறப்போம். அப்புறம் வந்து பாரு."

"படகுக்காரன் அழைப்புதானே சாச்சா?" என்று சிரித்தான் ஷஹாத்தா.

அந்த ஊரில் அது ஒரு வாடிக்கையான கேலி. நடுக்கால்வாயில் போகிற படகுக்காரன் கரையில் நிற்பவனைப் பார்த்து, "வாங்க, வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்று கூவுவான். தண்ணீர்மேல் நடந்து யாரும் வந்துவிட முடியாது. வாய்க்குப் புண்ணியம், சட்டிக்கு நஷ்டமில்லை. போர்ட் சயீதில் பாதி விருந்தோம்பல் இப்படித்தான் நடக்கும். ஒருவன் முன்னால் நீ எதையாவது வாயில் போடுகிறாய் என்றால் அவனை அழைத்தே ஆகவேண்டும், அழைக்காமல் சாப்பிடுகிறவன் நாய்க்குச் சமானம். அழைக்கப்பட்டவன், "நல்லா சாப்பிடுங்க, உடம்புல ஒட்டட்டும்" என்று சொல்லி மறுத்தே ஆகவேண்டும். அழைப்பவனுக்கும் தெரியும், மறுப்பவனுக்கும் தெரியும்.

இத்ரீஸ் சிரிக்கவில்லை. "இல்ல. நெசமாத்தான் கூப்பிடறேன். வெளிய வா."

"பொண்ணு காத்துக்கிட்டிருக்கா. முடிச்சிட்டு ஓடிடறேன்."

கிழவர் ஒரு பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். விரல்களை மூடினார். "இத உள்ள வெச்சுத் திங்காத."

"ஏன்?"

"நான் தின்னதில்ல. என் வாப்பாவும் தின்னதில்ல."

பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு, காற்றுக்குக் கண்ணை இடுக்கியபடி தெருவைத் தாண்டிப் போனார். பங்கு கொடுக்கப் பயந்து வெளியே போய்த் தின்கிற கஞ்சன் என்று ஷஹாத்தா நினைத்தான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

மூன்றாவது மாடிக் கதவு தொட்டதும் திறந்துகொண்டது. முனகக்கூட இல்லை, இத்தனை வருஷம் சும்மா கிடந்த கீல் கொஞ்சமாவது முனகியிருக்க வேண்டாமா என்று அவனுக்குத் தோன்றியது. உள்ளே ஒரு நீளக் கூடம், நடுவில் மேசை, மேசையைச் சுற்றி நாற்காலிகள், மேசைமேல் தட்டுகள். தட்டுகளில் தூசு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. தரையில், சுவரில், நாற்காலிகளின் முதுகில், எல்லாவற்றிலும் தூசு. மேசையின் தலைப்பக்கம் இருந்த ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் இல்லை. ஜன்னல் பலகைகளின் இடுக்கில் புகுந்த துரு நிற வெளிச்சம் மேசைவரை வந்து, அதற்குமேல் போக மனமில்லாமல் நின்றுவிட்டது. அழுகல் நாற்றமோ எலி நாற்றமோ பூஞ்சை நாற்றமோ இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது போல இருந்தது.

சமையலறை ஜன்னல் வழியே வந்த மஞ்சள் கேபிள், தரையோடு தரையாகக் கூடத்தைக் கடந்து, கடைசியில் இருந்த அறைக்குள் போனது. திரும்பி வரும் கேபிள் அதன் பக்கத்திலேயே கிடந்தது. வெட்டவில்லை, உரிக்கவில்லை, கப்ளர் எதுவும் செருகவில்லை. இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

அறையின் மூலையில் அந்தச் சிவப்பு தெரிந்தது.

உட்கார்ந்திருப்பவனின் முகம் இருக்கும் உயரத்தில் அது இருந்தது. ஃபைபரில் கசியும் சிவப்பு ஊசி முனை மாதிரி கூராக இருக்கும். இது பரந்து, மங்கி, ஓரங்களில் கறுத்து இருந்தது. டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் சதைக்குள்ளிருந்து தெரியுமே, அந்தச் சிவப்பு. மெல்ல ஏறியது. தங்கியது. மெல்ல இறங்கியது. அதைச் சுற்றித் தோள் மாதிரி ஒன்றும், மடக்கிய முழங்கால் மாதிரி ஒன்றும் இருந்தன. அல்லது அப்படி இருக்கவேண்டும் என்று அவன் கண் பிடிவாதம் பிடித்தது.

யாரோ வீடு இல்லாதவன். கேபிளைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். பாவம்.

"சலாம் அலைக்கும்."

தன் குரல் தனக்கே பாதிதான் கேட்டது.

"கனெக்‌ஷன் வேணும்னா கேட்டிருக்கலாமே சகோதரா. அஷ்ரிகிட்ட நான் பேசறேன். கத்துவாரு, ஆனா நோன்பு மாசம், அவரும் முஸ்லிம்தானே. அதுல எங்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும்."

சிரிக்க வேண்டிய இடம். மூலை சிரிக்கவில்லை. மூச்சு மட்டும் மாறியது. தூங்குகிறவனின் மூச்சு இல்லை இப்போது. விழித்திருந்து கேட்கிறவனின் மூச்சு.

டார்ச்சை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினான். வெளிச்சம் பாதி தூரம் போனது. அதற்குமேல் அதைக் காணவில்லை.

அப்போது பாங்கு கேட்டது. எதிரே இருக்கும் பள்ளிவாசல்தான், ஒலிபெருக்கி இந்த ஜன்னலுக்கு நேராகத்தான் இருக்கிறது; ஆனால் ஏதோ கப்பலில் யாரோ முணுமுணுப்பது போல வந்தது. பதினான்கு மணி நேரமாகக் காய்ந்து கிடந்த நாக்கு தானாக அசைந்தது. கை தானாகப் பைக்குள் போனது. பழம். கிழவர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் பாங்கு சொன்ன பிறகு நோன்பைத் தள்ளிப்போடக் கூடாது. கால் வேறு நகர மறுத்தது. இனிப்பு உள்ளே போனால் நகரும். பழத்தை உதடுவரை கொண்டுபோனவன் நிறுத்தினான்.

எதிரே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

கையில் இருப்பதோ ஒரே ஒரு பழம். அந்தப் பயத்திலும் அவனுக்கு அது வெட்கமாக இருந்தது. பேரம் பேசியே வளர்ந்த வாய், கையில் சரக்கு குறைந்தால் பேச்சில் ஈடுகட்டிவிடும். மரியாதையாகப் பேசினால் எதுவும் தவறாக நடக்காது என்றும் அந்த நேரத்தில் அவன் நம்பினான். வாப்பாவிடமிருந்தும் அவருடைய வாப்பாவிடமிருந்தும் வந்த அந்தக் குரல், அவனைக் கேட்காமலே புறப்பட்டது.

"வாங்க, சேர்ந்து நோன்பு தொறக்கலாம். இந்த ஒத்தப் பழம் எந்த மூலைக்கு? நம்ம வீட்டுக்கே வாங்க. வாத்து வெச்சிருக்கா. பொண்ணு வாயத் தொறக்காம காத்துக்கிட்டிருக்கா. உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். நல்லா சாப்பிடுங்க, உடம்புல ஒட்டட்டும். அந்த ஒரு வரிதான் வரவேண்டும்.

சிவப்பு ஏறியது.

தங்கியது.

தங்கிக்கொண்டே இருந்தது.

"வர்றேன்."

அது ஷஹாத்தாவின் குரல். அவன் அந்த வீட்டில் நுழைந்ததிலிருந்து காணாமல் போன பாதிக் குரல்.

சிவப்பு அணைந்தது. காலடியில் கேபிள் அசைந்தது. இறுகி நின்றது தளர்ந்து, தரையில் பொத்தென்று விழுந்தது. இருட்டில் அவன் தோளை உரசிக்கொண்டு எதுவும் போகவில்லை. கதவு அசையவில்லை. ஆனால் சட்டென்று, அணை உடைந்தது போல, பூண்டு வாசனை வந்தது. வறுத்த மீன் வந்தது. எலி நாற்றம், பூஞ்சை நாற்றம், பூனை நாற்றம். பாங்கின் கடைசி வரி ஜன்னல் பலகைகளை அதிரவைத்தது. கையில் இருந்த டார்ச் கண்ணைக் கூசவைத்து, காலி மூலையை, வெறும் சுவரை, சுவரோரம் தூசு படியாத ஒரு வட்டத்தைக் காட்டியது.

எப்படிக் கீழே வந்தான் என்று தெரியாது. பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். சிவப்புப் பேனாவைப் பிடுங்கி, அணைத்து, சட்டைப்பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினான். மீட்டரைச் செருகினான்.

முழுசு. பாறை மாதிரி.

பெட்டியில் இழையைச் சொருகிய மறுநிமிடமே அஷ்ரி. "வந்துடுச்சுடா! கண்ணாடி மாதிரி இருக்கு! என் தங்கமே, என்ன பண்ணுன?"

"கேபிள் எங்கயோ மாட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப விட்டுடுச்சு."

"உன் குரலுக்கு என்னாச்சு? கிணத்துக்குள்ளேர்ந்து வருது."

"தாகம் மஅல்லிம்."

"போ, போ. போய்க் குடி. பொண்ணக் கேட்டேன்னு சொல்லு."

சிரிக்கத் தோன்றியது. சரியாகிவிட்டது. எவனோ பைத்தியக்காரன், ஜன்னல் வழியாக ஓடிவிட்டான். பழத்தை வாயில் போட்டான். இனிப்பு இருந்தது, பாதிதான் என்று தோன்றியதைத் தள்ளிவிட்டான். வீட்டுக்கு அடித்தான். நீளமாக மணி போய், பஸ்மலா எடுத்தாள்.

"கண்ணு, இதோ கெளம்பிட்டேன். வாயத் தொறந்தியா?"

"வாப்பா?" அவள் குழம்பினாள். "நீங்கதானே இப்ப கதவத் தட்டுனீங்க?"

அவன் கைபேசியைக் காதோடு அழுத்தினான்.

"உங்க குரல்தான் வாப்பா. தொறன்னு சொன்னீங்க. உம்மா தொறந்தாங்க. ஆனா நீங்க இல்ல. கூட்டாளியாம். நீங்க கூப்பிட்டீங்களாம். உங்க நாற்காலில உக்காந்திருக்காரு."

"பஸ்மலா. உம்மாகிட்டக் குடு."

"உம்மா பேச மாட்டேங்கறாங்க. வாப்பா, கரண்டு போகப்போகுதா? லைட்டு ஒரு மாதிரி இருக்கு."

"அவரு எப்படி இருக்காரு? முகம் எப்படி இருக்கு?"

"தெரியல. உங்க சத்தம் குறையுது வாப்பா. சத்தமாப் பேசுங்க."

"வெளிய ஓடு. கண்ணு, வாயத் தொறக்காத, வெளிய..."

"கேக்கல வாப்பா."

ஓடினான்.

தெருவில் ஒருவரும் இல்லை. ஒரு காரும் இல்லை. நோன்பு திறக்கிற நேரத்தில் போர்ட் சயீத் அப்படித்தான், சுருட்டி உள்ளே வைத்தது போல. எல்லா ஜன்னல்களிலும் தொலைக்காட்சி. எல்லாவற்றிலும் அதே சீரியல் கதாநாயகியின் முகம், கண்ணாடி மாதிரி, ஒரு புள்ளி இல்லாமல். கரண்டிச் சத்தம். சிரிப்புச் சத்தம். கத்தினான். யாராவது வாங்க என்று கத்தினான். பள்ளிவாசல் பந்தியில் ஒரு தலை நிமிர்ந்தது, இத்ரீஸ். கிழவர் எழுந்து நின்றார். வரவில்லை.

முதல் தெரு. பூண்டு வாசனை. மீன் வாசனை.

இரண்டாவது தெரு. வாசனை.

தன் வீட்டு வாசல்.

வாசனை இல்லை.

படிக்கட்டு விளக்கு பழுத்த மஞ்சளாக எரிந்தது. தன் செருப்புச் சத்தம் பாதி. தன் மூச்சு பாதி. ஒரு மாடி. இன்னொன்று. கதவு திறந்தே இருந்தது.

கூடத்தில் மேசை. விரிப்பு. நடுவில் வாத்து, ஆவி இல்லாமல். மேசையின் தலைப்பக்கம் அவன் நாற்காலி பின்னுக்குத் தள்ளியிருந்தது. அதில் யாரும் இல்லை. தொலைக்காட்சியில் புள்ளிகள் கொப்பளித்துக்கொண்டிருந்தன. ரிஹாம் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள், கையில் தண்ணீர்க் குவளை, குவளை உதட்டுக்குப் பாதி தூரத்தில், கண் அவனைப் பார்த்தது, ஆனால் வெகு தூரத்திலிருந்து பார்ப்பது போல.

எதிரே பஸ்மலா. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக. உதடு இறுக மூடியிருந்தது.

"கண்ணு." குரல் வரவில்லை. மறுபடி சொன்னான். "எங்க அவரு?"

அவள் வாயைத் திறந்தாள். வெள்ளைச் சோற்றின்மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

"சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்காரு வாப்பா."

வாயை மூடினாள். இரண்டு கன்னங்களும் ரமலான் விளக்கு மாதிரி சிவந்து ஒளிர்ந்தன. அவன் கை சட்டைப்பைக்குப் போனது. பொத்தான் மாட்டியபடியே இருந்தது. உள்ளே பேனா இருந்தது, அணைந்து, சில்லென்று.

சிவப்பு மெல்ல ஏறியது. தங்கியது. மெல்ல இறங்கியது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்த நாற்காலியில் பஸ்மலா கொஞ்சம் குறைவாக இருந்தாள்.